படிக்க வைக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினால், பாண்ட் மட்டும் தனியாக நிற்குமா?

கேள்வி (7 ஜூன் 2025)

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி (கணினி வழி இயங்கும் மெஷின்) பிரிவில் இருக்கிறேன். பகுதிநேர பி.ஈ. சேர்ந்தால் செமஸ்டர் கட்டணத்தைக் கம்பெனி திருப்பித் தரும், படிப்பு முடியும்வரை முதல் ஷிஃப்ட் மட்டும்தான் என்று ஹெச்.ஆர். மெயில் போட்டார். அதை நம்பித்தான் சேர்ந்தேன். படிப்பு முடிந்தபின் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டிப்ளமோ ஒரிஜினலும் அவர்களிடம்தான். இரண்டு செமஸ்டர் பணம் வந்தது. இப்போது 'ஆர்டர் குறைவு, ஸ்பான்சர்ஷிப் நிறுத்தம்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். என்னை இரண்டாவது ஷிஃப்டுக்கும் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது செமஸ்டருக்கு நான் கட்டிய 19,000 ரூபாய் தொங்குகிறது. வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் பாண்டைக் காட்டுகிறார்கள். சட்டத்தில் எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை போனது போனதுதானா?

7 ஜூன் 2025, இரவு

வழி இருக்கிறது. ஆனால் தம்பி, நீங்கள் மூன்று சண்டையை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். ஏற்கனவே கட்டிய 19,000 ஒன்று. மீதி செமஸ்டர்களுக்குப் பணம் தந்தே ஆகவேண்டும் என்பது இன்னொன்று. பாண்டிலிருந்து விடுபடுவது மூன்றாவது. முதலாவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மூன்றாவதில் கம்பெனிக்குத்தான் பயம் இருக்க வேண்டும், ஆனால் நடைமுறையில் பயப்படுவது எப்போதும் தொழிலாளிதான்.

பாண்டை மட்டும் இப்போது சொல்கிறேன். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 51, 54 இரண்டையும் படியுங்கள். நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில், முதலில் செய்ய வேண்டியவன் செய்யாமல் விட்டால், மற்றவனைப் பார்த்து 'நீ செய்' என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லை. அதனால் மற்றவனுக்கு வந்த நஷ்டத்தையும் அவன்தான் தர வேண்டும். உங்கள் பாண்டில் முதலில் செய்ய வேண்டியது யார்? படிக்க வைக்க வேண்டியது கம்பெனி. அதன்பிறகுதான் மூன்று வருடம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'படிப்பு முடிந்தபின் மூன்று வருடம்' என்று எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். படிப்பே முடியாவிட்டால் அந்த மூன்று வருடம் எப்போது ஆரம்பிக்கும்? எழுதினவர் இதை யோசித்திருக்க மாட்டார். பாண்ட் நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

8 ஜூன் 2025

ஒரிஜினல் சர்டிபிகேட் பற்றி இரண்டு பேர் கேட்டதால் இது. பாக்கிக்காக ஒருவர் பொருளை மற்றவர் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமை யார் யாருக்கு உண்டு என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது: வங்கிக்காரர், தரகு வியாபாரி, துறைமுகக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற வக்கீல், இன்ஷூரன்ஸ் பாலிசி தரகர். அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. பட்டியலில் இருக்கும் வக்கீலே ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்ப் கம்பெனி எந்த மூலைக்கு?

கேட்கும்போது வாயால் கேட்காதீர்கள். 'மேல்படிப்புச் சேர்க்கை சரிபார்ப்புக்குத் தேவை' என்று காரணம் எழுதி, தேதி போட்டு, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால், கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள்.

8 ஜூன் 2025, இரவு

'வாய் வார்த்தைக்கும் மெயிலுக்கும் கோர்ட்டில் மதிப்பில்லை, பத்திரம் வேண்டும்' என்று சூலூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். மறுக்க வேண்டியிருக்கிறது.

1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஹௌராவில் டவுன் ஹால் கட்டலாம் என்று நன்கொடை வசூலித்தார்கள். ஒருவர் 100 ரூபாய் தருவதாகப் பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலை நம்பி கான்டிராக்டரிடம் வேலையைக் கொடுத்தாகிவிட்டது. பிறகு அவர் தரமாட்டேன் என்றார். தனக்கு இதில் என்ன கிடைத்தது என்பது அவர் வாதம். கோர்ட் கேட்கவில்லை. உன் வார்த்தையை நம்பி, உனக்குத் தெரிந்தே அவர்கள் செலவில் இறங்கிவிட்டார்கள், அதனால் 100 ரூபாயை எடுத்து வை என்று தீர்ப்பு.

இதற்கு நேர் எதிராக 1914-இல் அலகாபாத்தில் ஒன்று. மசூதி பழுதுபார்க்க 500 ரூபாய் தருவதாகச் சொன்னவர் தரவில்லை. ஆனால் அவர் சொன்னதை நம்பி யாரும் எந்த வேலையையும் தொடங்கவில்லை. வழக்கு தள்ளுபடி.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடுதான் உங்கள் 19,000. கம்பெனி சொன்னதால் கல்லூரியில் பணம் கட்டினீர்களா, இல்லை எப்படியும் கட்டியிருப்பீர்களா? மெயில் வந்த தேதி முன்னால், ரசீது தேதி பின்னால் இருந்தால் ஹௌரா பக்கம் நிற்கிறீர்கள். இன்னும் பணம் கட்டாத ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் எல்லாம் மசூதி பக்கம் சாய்கிறது. இரண்டாவது சண்டையில் கை தளர்ந்திருக்கிறது என்று நேற்றுச் சொன்னது இதனால்தான்.

முழுக்கத் தளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலையைத் தொடரச் சொல்லியோ படிக்க வைக்கச் சொல்லியோ கம்பெனியைக் கோர்ட் பிடித்து இழுக்காது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தங்களை அப்படி நிறைவேற்றச் சொல்வதில்லை. கேட்க முடிந்தது பிரிவு 73-இன் கீழ் நஷ்ட ஈடு. அதிலும் நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கோபத்தில் கல்லூரியை விட்டு நின்றுவிட்டு மொத்த செலவையும் கேட்டால் கேஸ் பலவீனமாகும். முடிந்தவரை கட்டிப் படித்துக்கொண்டே கேளுங்கள். கெடு, மீறிய தேதியிலிருந்து மூன்று வருடம்.

11 ஜூன் 2025

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

சின்ன வயதில் ஒரு வால்வு கம்பெனியில் டூல் ரூமில் இருந்தேன். டூல் டிசைன் கோர்ஸ் போ, கட்டணம் கம்பெனி தரும் என்று ஜி.எம். சொன்னார், லெட்டரும் கொடுத்தார். சீட்டு எடுத்துப் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஜி.எம். மாறினார். புது ஆள் வந்ததும் முதலில் கை வைத்தது டிரெய்னிங் செலவில்தான், எல்லாக் கம்பெனியிலும் அதுதான் நடக்கும். நான் விடாமல் எழுதினேன். கடைசியில் கணக்குப் பிரிவில் கூப்பிட்டு, 'ஐயா சரி என்று சொல்லிவிட்டார், மூன்று தவணையில் வாங்கிக்கொள்' என்றார்கள். கேட்டது கிடைத்த சந்தோஷம். வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார் கேஷியர். மஞ்சள் தாள், கார்பன் வைத்து எழுதியது. தலைப்பில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'சம்பள முன்பணம்'.

அந்த இரண்டு சொல்லால் எல்லாமே தலைகீழ். கோர்ஸ் கட்டணத்தைத் திருப்பித் தந்தால் கணக்கு முடிந்தது. முன்பணம் என்றால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கலாம், வேலையை விடும்போது ஒரே அடியாகவும் பிடிக்கலாம். அப்படிப் பிடிக்கச் சட்டமும் அனுமதிக்கிறது. 'இதைக் கோர்ஸ் கட்டணம் என்று மாற்றி எழுதுங்கள்' என்றேன். கேஷியர் சிரித்துக்கொண்டே, 'எழுதுவதில் என்ன தம்பி இருக்கிறது, பணம் வருகிறதா பார்' என்றார். மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த மனுஷன் அதற்கப்புறம் என்னிடம் டீ கூடக் குடிக்கவில்லை.

பிற்பாடு நானே ஒரு ஃபவுண்டரியில் டைம் ஆபீஸ் பக்கம் வந்துவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படிப்பட்ட வவுச்சர் போடச் சொல்லி வந்த வாய்வழி உத்தரவுகளும் கேட்டிருக்கிறேன். ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு: இரண்டு செமஸ்டர் பணம் வந்தது என்றீர்களே, என்ன தலைப்பில் வந்தது? சம்பளச் சீட்டில் எப்படிக் காட்டினார்கள்? வங்கிக் குறிப்பில் என்ன இருக்கிறது?

12 ஜூன் 2025

'ஸ்டாஃப் லோன்' என்று இருக்கிறதாம்.

வவுச்சர் புத்தகம் அச்சடித்த பிரஸ் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

12 ஜூன் 2025, மாலை

பயப்பட வேண்டாம். தலைப்பில் லோன் என்று எழுதினால் மட்டும் லோன் ஆகிவிடாது. ஹெச்.ஆர். மெயிலில் 'திருப்பித் தருவோம்' என்று இருக்கிறது, தொகை செமஸ்டர் கட்டணத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, இவ்வளவு மாதமாகத் தவணை எதுவும் பிடிக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து பேசும். ஆனால் இப்போதே எழுத்தில் கேளுங்கள்: 'இன்ன தேதிகளில் வந்த தொகை உங்கள் மெயில்படி கட்டணத் திருப்பம் என்று புரிந்துகொள்கிறேன், வேறு மாதிரி இருந்தால் தெரிவிக்கவும்.' பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் ஐ.எஸ்.ஓ. தரச் சான்று வாங்கிய கம்பெனியா? அப்படியானால் வருடாந்திர டிரெய்னிங் பிளான் என்று ஒரு கோப்பு இருக்கும். ஆடிட்டர் வரும் வாரத்தில்தான் தூசி தட்டுவார்கள். அதில் 'பகுதிநேர பி.ஈ., கம்பெனி ஸ்பான்சர்' என்று உங்கள் பெயரை எழுதி, திறமை வளர்ப்புக்குச் சாட்சியாக ஆடிட்டருக்குக் காட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆடிட்டருக்கு ஸ்பான்சர்ஷிப், கணக்கில் லோன் என்றால் அதை லேபர் ஆபீசர் முன்னால் விளக்குவது அவர்களுக்குத்தான் சிரமம். அந்தக் கோப்பைத் திருடச் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.

14 ஜூன் 2025

'போன மாதம்தான் உச்ச நீதிமன்றம் பாண்ட் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது, இன்னும் என்ன பேச்சு' என்று ஒருவர் கேட்கிறார். 14 மே 2025 விஜயா பேங்க் தீர்ப்பைச் சொல்கிறார். தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த வழக்கில் அதிகாரி மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், முன்னால் போனால் இரண்டு லட்சம். அவர் 2014-இல் வேறு வங்கிக்குப் போனார். ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடுவது பிரிவு 27 தடுக்கும் தொழில் தடை ஆகாது என்றார்கள். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்கிறது, பாதியில் போனால் மறுபடி அந்தச் செலவு, ஆகவே தொகை அதிகமில்லை என்றார்கள். சரி. ஆனால் அங்கே வங்கி தான் சொன்ன எதையும் நிறுத்தவில்லை. வேலை கொடுத்தது, சம்பளம் கொடுத்தது. தன் பக்கத்தைச் செய்து முடித்த முதலாளியைப் பற்றிய தீர்ப்பு அது. இங்கே கம்பெனி தன் பக்கத்தைக் கைவிட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தொகை விஷயத்தில் 2011-இல் டில்லி உயர் நீதிமன்றம் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிக்பா இந்தியா என்ற கம்பெனி ஒருவர் பயிற்சிக்கு 67,595 ரூபாய் செலவு செய்தது. பாண்ட் மூன்று வருடம், மீறினால் இரண்டு லட்சம். அவர் இரண்டு வருடம் முடித்துப் போய்விட்டார். கம்பெனி இரண்டு லட்சம் கேட்டது. கோர்ட் கொடுத்தது 22,532. செலவை மூன்றால் வகுத்துப் பாருங்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிரிவு 74 சொல்வதும் இதைத்தான்: பத்திரத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு, அதற்குள் நியாயமான ஈடு.

ஆகவே கம்பெனியே ஜெயித்தாலும் தம்பியிடம் கேட்கக் கூடியது அவர்கள் உண்மையில் தந்த இரண்டு செமஸ்டர் கட்டணத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இரண்டு லட்சம் என்பது பயமுறுத்த வைத்த சோளக்கொல்லை பொம்மை.

14 ஜூன் 2025, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். முதலாளி செலவில் விசேஷப் பயிற்சி பெற்றுவிட்டுப் போனால், நஷ்டத்தை ரூபாய் பைசாவாக நிரூபிக்காவிட்டாலும் ஈடு கேட்கலாம் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே முன்பு சொல்லியிருக்கிறது. எனவே 'கம்பெனியால் எதையும் நிரூபிக்க முடியாது' என்ற தைரியத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகாதீர்கள். உங்கள் பலம் கம்பெனி முதலில் மீறியதில் இருக்கிறது. ஓடிப்போனால் முதலில் மீறியவர் நீங்கள் என்று கதையை மாற்றி எழுதுவார்கள்.

19 ஜூன் 2025

தம்பி பாண்ட் நகலை வாங்கிவிட்டார். அதில் இப்படி ஒரு வரி இருக்கிறதாம்: 'நிர்வாகம் தன் விருப்பப்படி எந்த நேரத்திலும் இத்திட்டத்தை மாற்றவோ ரத்து செய்யவோ உரிமை உண்டு.'

இது வரும் என்று எதிர்பார்த்தேன். இந்த வரி அவர்களுக்கு எதிர்கால செமஸ்டர்களில் உதவும். வாக்கு நின்றபோது கட்டிய பணத்துக்கு உதவாது, அன்றைக்குத் திட்டம் ரத்தாகவில்லையே. பாண்டுக்கு அறவே உதவாது என்பது என் கருத்து. நான் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், நீ மட்டும் விலகக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் இருந்தால் அதை நீதிபதி எந்தக் கண்ணால் பார்ப்பார்? பேரம் பேச வழியே இல்லாதவரிடம் வாங்கிய இந்த மாதிரி நியாயமற்ற ஷரத்தை 1986-இல் பிரோஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அது அரசு கம்பெனி சம்பந்தப்பட்டது. தனியார் கம்பெனிக்கு அப்படியே பொருத்துவதில் வக்கீல்கள் மாறுபடுவார்கள். ஆனாலும் வாதத்தில் வைக்கத் தகுந்தது.

கோர்ட்டுக்கு வெளியே இன்னொரு கதவும் உண்டு. சிஎன்சி ஆபரேட்டர், புரோகிராமர் எல்லாம் தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளி'தான், அடையாள அட்டையில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டிருந்தாலும் செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள். பழக்கத்தில் இருந்துவரும் சலுகையை நிறுத்துவதானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பிரிவு 9ஏ-யும் நான்காம் அட்டவணையும் சொல்கின்றன. இன்று ஒட்டி இன்றே அமல் என்பது அதில் வராது. பழக்கம் என்று காட்ட, இதற்கு முன்னால் பல பேரை இப்படிப் படிக்க வைத்திருக்க வேண்டும். படிக்க வைத்திருக்கிறார்களா?

இதில் ஒரு முள். வேலைநீக்கம் என்றால் தனி ஆளாகவே தகராறு எழுப்பலாம். சலுகை நிறுத்தம் என்றால் யூனியனோ கணிசமான தொழிலாளர்களோ பின்னால் நிற்க வேண்டும். உங்களோடு ஸ்பான்சர்ஷிப் நின்றவர்கள் யார் யார் என்று கேண்டீனில் கேட்டுப் பாருங்கள். 19,000 மட்டும் தனி. அது ஏற்கனவே சேர வேண்டிய பணம் என்று பிரிவு 33சி(2)-இல் லேபர் கோர்ட்டில் நீங்களே கேட்கலாம், ஆனால் கம்பெனி 'அப்படி ஒரு உரிமையே இல்லை' என்று அடியோடு மறுத்தால் அந்த வழி நெருக்கடியாகும்.

ஷிஃப்ட் மாற்றம்? ஒருவரை ஷிஃப்ட் மாற்றுவது பொதுவாக நிர்வாக உரிமை. அதை மட்டும் வைத்துச் சண்டை போட வேண்டாம். 'முதல் ஷிஃப்ட் தருவோம்' என்ற மெயிலோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மணி வகுப்புக்கு இரண்டாவது ஷிஃப்ட் போட்டால் பணம் தந்தும் படிப்பு நின்றுபோகும். அதைத்தான் கோர்ட்டுக்குப் புரிய வைக்க வேண்டும்.

23 ஜூன் 2025

சாட்சியம் பற்றி சுருக்கமாக. வேலையை விட்ட அன்றே கம்பெனி மெயிலை மூடிவிடுவார்கள். உங்கள் பெயருக்கு வந்த அந்த ஒரு மெயிலை, தேதியும் அனுப்பியவர் முகவரியும் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் என்றால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் என்பார்கள். 1 ஜூலை 2024 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63. சான்றிதழ் தேவை என்பது மாறவில்லை. நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் நாளைக் காலை அதுதான் வேலை. கம்பெனி டிராயிங், கஸ்டமர் விவரம் எதையும் கூட எடுத்து வந்துவிடாதீர்கள். சண்டையின் திசையே மாறிவிடும்.

5 ஜூலை 2025

தம்பி பதிவுத் தபால் அனுப்பினார். ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசினாராம். மூன்றாவது செமஸ்டர் பணத்தைத் தருகிறோம், ஒரு புதுப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். புதுப் பேப்பரில் மூன்று வருடம் 'இன்றிலிருந்து' என்று இருக்கிறது, முன்பு வந்த தொகைகள் கடன் என்று ஒப்புக்கொள்வதாக ஒரு வரியும் இருக்கிறது.

போடாதீர்கள். பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாக இருவரும் சம்மதித்துப் புதியது எழுதினால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்று பிரிவு 62 சொல்கிறது. இதுவரை நாம் பேசிய எல்லா பலமும் பழைய பத்திரத்தில்தான் இருக்கிறது. 19,000-க்காக அதை விற்பதா? பணத்துக்கு ரசீது மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ரசீதில் 'மூன்றாவது செமஸ்டர் கட்டணத் திருப்பம்' என்று எழுதுங்கள், மற்றபடி ஒரு வார்த்தை வேண்டாம்.

'இப்படியெல்லாம் கறாராக இருந்தால் எந்தக் கம்பெனி இனிமேல் படிக்க வைக்கும்' என்று திருப்பூர் மில் ஓனர் ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் பர்சனல் பக்கம் உட்கார்ந்தவன், அந்தக் கவலை புரிகிறது. டிகிரி வாங்கியதும் மறுநாளே சென்னைக்கு ரயில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து, முடித்த வருடத்துக்குத் தகுந்தபடி தொகை குறைந்துகொண்டே வரும் பாண்ட், நிறுத்துவதானால் சேர்ந்தவர்களுக்கு அந்த வருடம் வரை தருவோம் என்ற ஒரு வரி. இரண்டும் இல்லாமல் இரண்டு லட்சம் என்று எழுதி வைத்தால் வக்கீலுக்குத்தான் லாபம்.

2 ஆகஸ்ட் 2025

பணம் வந்துவிட்டது, டிப்ளமோ ஒரிஜினலும் கைக்கு வந்துவிட்டதாம். மடிப்பில் ஸ்டேப்ளர் துரு. ஷிஃப்ட் மாறவில்லை. வேறு கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறார். ராஜினாமா கடிதத்தில் 'தாங்கள் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தியதால் பாண்ட் என்னைக் கட்டுப்படுத்தாது என்ற நிலையில்' என்ற சொற்களைச் சேர்த்து, நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இடையில் கேட்ட சில்லறைக் கேள்விகள். படிப்புக் கடன் வாங்கியிருந்தால் வட்டிக்கு வருமான வரிச் சட்டம் 80இ-யில் கழிவு உண்டு, எட்டு வருடம் வரை, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். கம்பெனி தருவதாகச் சொன்னதால் கடன் வாங்காமல் இருந்தவர்களுக்கு இப்போது இது உதவும். மத்திய அரசு ஊழியர் படிப்பு விடுப்பு வேறு உலகம், அங்கே விதி எழுத்தில் இருக்கிறது, பாண்டும் மூன்று வருடம்தான். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றவருக்கு: பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., தொழிற்சாலைத் தொழிலாளி எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 எண்ணுக்குப் போன் அடித்தும் கேட்கலாம்.

1 டிசம்பர் 2025

பழைய எண்களை வைத்துக்கொண்டு யாரும் மனு எழுத வேண்டாம். 21 நவம்பர் 2025 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. நான் ஜூனில் எழுதிய 9ஏ இனி தொழில் உறவுகள் தொகுப்பில் பிரிவு 40. 21 நாள் அப்படியே இருக்கிறது, பழக்கச் சலுகை என்பதும் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. மேற்பார்வை வேலை செய்பவருக்குத் தொழிலாளி வரம்பு 10,000 சம்பளத்திலிருந்து 18,000 ஆகியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டப் பிரிவுகள் எதுவும் மாறவில்லை.

இந்த இழைக்கு முக்கியமான மாற்றம், வேலையை விடும்போது கணக்கை முடித்துத் தரும் செட்டில்மென்டில். முன்பு முதலாளி வேலையை விட்டு அனுப்பினால்தான் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளம் என்று இருந்தது. இப்போது ஊதியத் தொகுப்பில் பிரிவு 17, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாள் என்கிறது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 'பாண்ட் தீரும்வரை செட்டில்மென்ட் இல்லை' என்று நாற்பத்தைந்து நாள் இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு இது நல்ல அடி. எத்தனை கம்பெனி உடனே மாறும் என்பது வேறு. எங்கள் சாஃப்ட்வேரில் இன்னும் 45 தான் இருக்கிறது, மாற்றச் சொன்னால் வெண்டர் கோட்டேஷன் அனுப்புகிறான்.

3 டிசம்பர் 2025

ஓசூர் அம்மணி தன் தம்பிக்காகக் கேட்டது தனியாகப் பதில் சொல்ல வேண்டியது. டிப்ளமோ அப்ரென்டிஸாக (தொழில் பழகுநராக) எடுத்துவிட்டு, ஒரு வருடப் பயிற்சியை ஐந்தாம் மாதம் நிறுத்தி, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்களாம்.

முதலில் அது நிஜமான அப்ரென்டிஸா, பெயருக்கு 'டிரெய்னி'யா என்று பாருங்கள். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி பதிவான ஒப்பந்தம் அரசின் அப்ரென்டிஸ் போர்ட்டலில் இருக்கும். அப்படி இருந்தால் அவர் தொழிலாளி கணக்கில் வரமாட்டார், லேபர் ஆபீசரிடம் போய்ப் பயனில்லை. ஆனால் பாதியில் நிறுத்துவதும் முதலாளி இஷ்டமில்லை. பிரிவு 7-படி அப்ரென்டிஸ்ஷிப் ஆலோசகரிடம் மனுக் கொடுத்துத்தான் ஒப்பந்தத்தை முடிக்க முடியும், முதலாளி தவறால் முடிந்தால் அவர் ஈடு தர வேண்டும். தகராறும் பிரிவு 20-படி அதே ஆலோசகரிடம்தான். டிப்ளமோ, பட்டதாரி அப்ரென்டிஸ்களுக்குத் தென் மண்டலத்தில் அந்த அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. அவர் தீர்ப்புப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல்.

பதிவு இல்லாத வெறும் 'டிரெய்னி' என்றால் கதை மாறுகிறது. செய்தது வழக்கமான உற்பத்தி வேலை என்று காட்ட முடிந்தால் அவர் தொழிலாளிதான், ஜூன் 19 குறிப்பிலிருந்து தொடங்குங்கள். வருகைப் பதிவும் மெஷின் லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள் அம்மணி, மேற்கொண்டு பார்க்கலாம்.